ஐஸ் மனுஷன் கிடைச்சது சுவிஸ்ல இல்ல சார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல ஆல்ப்ஸ் டூர் பத்தி ரெண்டு பக்கத்துக்கு கட்டுரை போட்டிருந்தீங்க. படமெல்லாம் பிரமாதம், அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா ஒரு படத்துக்கு கீழ 5,000 வருஷத்துக்கு முந்தின ஐஸ் மனிதன் கிடைச்ச சுவிட்சர்லாந்து மலைன்னு போட்டிருக்கீங்களே, அத பாத்ததும் என்னால சும்மா இருக்க முடியல. அந்த ஆளு, அதாவது பனிக்குள்ள ஒறைஞ்சு கிடந்த அந்தப் பழைய ஒடம்பு, கிடைச்சது சுவிஸ்லயே இல்ல சார், ஆஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் நடுவுல இருக்கற ஓட்ஸ்டால் மலையில. அதனாலதான் அவருக்கு ஓட்ஸின்னே பேரு. அதே கட்டுரையில இன்னொரு இடத்துல, ஆல்ப்ஸ்ல இருக்கற சின்ன கிராமங்கள்ல தங்கி பாக்க பெருசா ஒண்ணுமில்ல, போற வழியில எறங்கி போட்டோ எடுத்துக்கிட்டா போதும்னு வேற எழுதியிருந்தாங்க. முதல்ல சொன்னது தகவல் பிழை, திருத்தம் போட்டா முடிஞ்சு போச்சு. ரெண்டாவது அப்படி இல்ல, அத படிச்சுட்டு எத்தனை பேரு பஸ் கண்ணாடி வழியா மலைய பாத்துட்டு ஊரு திரும்புவாங்களோன்னு நெனச்சாதான் வயித்தெரிச்சலா இருக்கு, அதுக்குத்தான் இந்த கடிதம், கொஞ்சம் நீளமாயிரும், பொறுத்துக்கோங்க.

ஓட்ஸி கிடைச்ச மலைக்கு அடியில ஆஸ்திரியா பக்கம் ஃபென்ட்னு ஒரு கிராமம் இருக்கு. கடல் மட்டத்துலேர்ந்து 1,895 மீட்டர் உயரம், நூத்திச் சொச்சம் பேருதான் குடியிருக்காங்க, ஒரு சர்ச், நாலஞ்சு லாட்ஜு, கொஞ்சம் வீடுங்க, அதோட ரோடு முடிஞ்சு போச்சு. இன்ஸ்ப்ரூக்லேர்ந்து ரயில்ல வந்து ஓட்ஸ்டால் ஸ்டேஷன்ல எறங்கி, அங்கேர்ந்து பஸ்ஸு, சோல்டன் தாண்டி ஸ்வீசல்ஷ்டைன்ங்கற இடத்துல வலது பக்கம் பிரியற குறுகலான ரோட்டுல பஸ் ஏறும்போது ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் கிடுகிடு பள்ளம், என் நாத்தனார் கண்ண மூடினவங்க கிராமம் வந்தப்புறம்தான் தொறந்தாங்க. சோல்டன் பெரிய ஸ்கீ டவுன், அதாவது பனிச்சறுக்கு ஊரு, ஹோட்டலு, ரோப்காரு, ராத்திரி பாட்டுக் கச்சேரின்னு ஜேஜேன்னு இருக்கும். ஃபென்ட்டும் அதே சோல்டன் பஞ்சாயத்துக்கு உட்பட்டதுதான்னு சொன்னா நம்ப முடியாது, அவ்ளோ அமைதி. மலையேறறவங்க சங்கமான ஆஸ்திரிய ஆல்பைன் கிளப்பு 2008லேர்ந்து மலையேறிகள் கிராமங்கள்னு ஒரு திட்டம் நடத்துது, பெரிய ஸ்கீ கட்டுமானம் இல்லாம, பழைய விவசாயமும் மலைநடையும் இன்னும் உயிரோட இருக்கற சின்ன ஊருங்களுக்கு மட்டும்தான் அதுல இடம். ஃபென்ட் அந்த லிஸ்ட்ல இருக்கு. நாங்க போறதுக்கு முன்னாடி ஒரு டூர் ஏஜென்ட்கிட்ட கேட்டப்ப அங்க போய் என்ன பண்ணுவீங்க, ஷாப்பிங் கூட இல்லியேன்னாரு. வாஸ்தவம்தான், ஷாப்பிங் இல்ல.

இப்ப ஓட்ஸி கதைக்கு வரேன், ஏன்னா உங்க கட்டுரையில அத ஒரு வரியில முடிச்சுட்டாங்க. 1991 செப்டம்பர் 19ஆம் தேதி ஜெர்மனி நியூரம்பர்க்லேர்ந்து வந்த எரிகா சைமன், ஹெல்மூட் சைமன்னு ஒரு தம்பதி, டீசன்யோக் கணவாய் பக்கம் 3,210 மீட்டர் உயரத்துல வழிய விட்டு கொஞ்சம் விலகி நடக்கும்போது உருகின பனித் தண்ணியில ஒரு முதுகு தெரிஞ்சிருக்கு. அந்த வருஷம் சஹாரா பாலைவனத்து புழுதி காத்துல வந்து பனி மேல படிஞ்சு, வெயிலும் சேந்து பனி வழக்கத்தைவிட அதிகமா உருகியிருந்துச்சு. யாரோ சமீபத்துல மலையேறப் போயி செத்தவர்னுதான் எல்லாரும் நெனச்சாங்க, போலீஸ்காரர் டிரில்லிங் மெஷின் வெச்சு ஐஸ ஒடைக்கப் போயி இடுப்புல ஓட்டையே போட்டுட்டாரு. இன்ஸ்ப்ரூக்குக்கு கொண்டு போனப்புறம் கோன்ராட் ஷ்பிண்ட்லர்ங்கற தொல்லியல் பேராசிரியர் கூட இருந்த கோடாலிய பாத்துட்டு இது குறைஞ்சது 4,000 வருஷம் பழசுன்னு சொன்ன பிறகுதான் உலகமே திரும்பிப் பாத்துச்சு. அப்புறம் கார்பன் டேட்டிங்ல 5,000 வருஷத்துக்கு மேலன்னு தெரிஞ்சுது.

அதுக்கப்புறம்தான் வேடிக்கை. யாரு நாட்டு ஆளுன்னு சண்டை. முதல் உலகப் போர் முடிஞ்சு 1919ல போட்ட ஒப்பந்தப்படி எல்லைக்கோடு மலை முகடு வழியா போகணும், ஆனா அந்த இடத்துல அப்ப முகடே பனிக்கு அடியில மூடிக் கிடந்துச்சு. அதனால 1991 அக்டோபர் 2ஆம் தேதி மறுபடி சர்வே பண்ணி பாத்தாங்க, ஓட்ஸி கிடந்தது இத்தாலிக்குள்ள 92.56 மீட்டர்! நூறு மீட்டர் கூட இல்ல. இத்தனைக்கும் அந்த இடத்துல பனி உருகினா தண்ணி ஓடறது ஆஸ்திரியா பக்கம். கடைசியில 1998ல இத்தாலியில இருக்கற போல்ஸானோ ஊரு மியூசியத்துக்கு அனுப்பிட்டாங்க. 2001ல எக்ஸ்ரே எடுத்து பாத்தப்ப இடது தோள்ல கல் அம்பு முனை, அதாவது மனுஷன் குளிர்ல சாகல, முதுகுப் பக்கமா யாரோ அம்பு விட்டிருக்காங்க. ஒடம்புல 61 பச்சை குத்தின அடையாளம், முழங்கால், இடுப்புன்னு வலி இருந்திருக்கக்கூடிய இடமா பாத்து குத்தினது நெறைய. கோடாலியில இருந்த தாமிரம் இத்தாலியோட டஸ்கனி பக்கத்துலேர்ந்து வந்ததுன்னு பின்னாடி கண்டுபிடிச்சாங்க. 2023ல மரபணு ஆராய்ச்சி வந்துச்சு, மியூசியத்துல வெச்சிருக்கற பொம்மை மாதிரி வெளுத்த தோலு நீள முடியெல்லாம் இல்லியாம், நல்ல கருத்த தோலு, தலையில முடி கொட்டி வழுக்கை விழுந்துக்கிட்டிருந்த ஆளாம். என் வீட்டுக்காரருக்கு அந்த வழுக்கை விஷயம்தான் ரொம்ப பிடிச்சுது.

இதெல்லாம் நெட்ல படிக்கலாமே, அங்க எதுக்கு போகணும்னு கேப்பீங்க. கேளுங்க. அந்த இடத்துக்கு ரோப்கார் கெடையாது, நடந்துதான் போகணும், அதுலதான் விஷயமே இருக்கு. ஃபென்ட்லேர்ந்து நீடர்டால் பள்ளத்தாக்கு வழியா மார்ட்டின் புஷ் ஹட்டுக்கு, அதாவது மலை நடக்கறவங்க ராத்திரி தங்கற விடுதிக்கு, ரெண்டரை மூணு மணி நேரம், ஹட்டு 2,501 மீட்டர்ல இருக்கு, சாமான் வண்டி போற அகலமான பாதை, நடக்கற பழக்கம் உள்ள யாரும் போகலாம். அங்கேர்ந்து இன்னும் ரெண்டு மணி நேரம் ஏறினா எல்லையிலயே நிக்கற சிமிலான் ஹட்டு, 3,019 மீட்டர். இந்த பாட்டை பழைய காலத்துல பனிப்பாறை மேல போனது, இப்ப பனி பின்வாங்கி ஓரத்துல வெறும் கல்லும் சரளையும்தான். சிமிலான் ஹட்டுலேர்ந்து ஓட்ஸி கிடைச்ச இடத்துக்கு ஒரு மணி, ஒன்றரை மணி, அதுல சில இடத்துல பாறையில இரும்புக் கயிறு புடிச்சு போகணும், தலை சுத்தறவங்களுக்கு ஆகாது, நாத்தனார் ஹட்டுலயே இருந்துட்டாங்க, புத்திசாலித்தனம். அங்க கல்லால கூம்பு மாதிரி ஒரு நினைவுச் சின்னம் வெச்சிருக்காங்க. சுத்தி காத்து, கல்லு, அவ்ளோதான். ஆனா இந்த ஒசரத்துல, லெதர் ஷூவுக்குள்ள காஞ்ச புல்லு அடைச்சுக்கிட்டு ஒரு மனுஷன் வந்து சேந்தாருன்னு காலு வலிக்க நின்னு யோசிக்கறது வேற, மியூசியம் ஜன்னல்ல எட்டிப் பாக்கறது வேற.

ஹட்டுல தங்கறதப் பத்தி கொஞ்சம் சொல்றேன், நம்மாளுங்களுக்கு யாரும் சொல்றதில்ல. இது ஹோட்டல் இல்ல. உள்ள நுழைஞ்சதும் ஷூ கழட்டற ரூமு, நூறு ஜோடி ஈர ஷூ வாடை மூக்கைத் துளைக்கும், அங்க கழட்டி வெச்சுட்டு ரப்பர் செருப்பு மாட்டிக்கிட்டுத்தான் உள்ள போகணும். லாகர்னு சொல்ற பொது ஹால்ல வரிசையா மெத்தை, ஆம்பள பொம்பள எல்லாரும் ஒரே ஹால்தான், தனித்தனியெல்லாம் கெடையாது, போர்வை குடுப்பாங்க, ஆனா உள்ள போட்டுக்கற மெல்லிசு துணிப்பை நாமதான் கொண்டு போகணும். ராத்திரி பத்து மணிக்கு லைட் ஆஃப். கையில யூரோ ரொக்கமா இருக்கணும், கார்டு எல்லா எடத்துலயும் எடுபடாது. சைவக்காரங்களுக்கு ஒரு எச்சரிக்கை. காஸ்ப்ரெஸ்க்னோடல்னு சீஸும் ரொட்டியும் தட்டி பொரிச்ச ஒரு உருண்டை, மெனுவுல கறி இல்லாத ஐட்டம் பக்கத்துலதான் இருக்கும், ஆனா அத மிதக்க விட்டு குடுக்கற சூப்பு பெரும்பாலும் மாட்டு எலும்பு கொதிக்க வெச்சது. சூப்பு வேணாம், சாலட்டோட குடுங்கன்னு கேட்டா அப்படியும் தருவாங்க, நாங்க கேட்டு வாங்கினோம், முகம் சுளிக்கல. இல்லன்னா கைஸர்ஷ்மார்ன் இருக்கவே இருக்கு, முட்டையும் மாவும் அடிச்சு ஊத்தி பிச்சுப் போட்டு மேல சர்க்கரை தூவி தருவாங்க, முட்டை சாப்பிடறவங்களுக்கு அது ஒரு வேளை சாப்பாடு.

அப்புறம் ஆடு. இத எழுதாம விட்டா எனக்கு தூக்கம் வராது. ஷ்னால்ஸ் பள்ளத்தாக்கு இத்தாலி பக்கம் இருக்கு, அந்த ஊர் ஆட்டுக்காரங்களுக்கு மேய்ச்சல் நிலம் ஆஸ்திரியா பக்கம், ஃபென்ட்ட சுத்தி. நடுவுல நாட்டு எல்லை வந்தது 1919க்கு அப்புறம்தான், மேய்ச்சல் உரிமை அதுக்கு பல நூறு வருஷம் முந்தினது. அதனால இன்னிக்கும் ஜூன் மாசம் நடுவுல ஆயிரக்கணக்கான செம்மறி ஆட்ட 3,000 மீட்டர் கணவாய் தாண்டி, பாதி நேரம் பனி மேலயே ஓட்டிக்கிட்டு ஆஸ்திரியா பக்கம் வராங்க, செப்டம்பர் நடுவுல திரும்ப ஓட்டிக்கிட்டு போறாங்க. 2019ல யுனெஸ்கோ இந்த மந்தை ஓட்டற வழக்கத்த ஆஸ்திரியா, இத்தாலி, கிரீஸ் மூணு நாட்டுக்கும் சேத்து பண்பாட்டு மரபா அறிவிச்சுது. நாங்க போனது திரும்பற சமயம். சிமிலான் ஹட்டுக்கு கீழ பாதையோரம் ஒதுங்கி நின்னோம், முதல்ல சத்தம்தான் வந்துச்சு, அப்புறம் ஒரு கருப்பு நாய், அப்புறம் ஆடுங்க ஒத்தை வரிசையில கல்லு மேல கல்லு தாண்டி, ஒவ்வொண்ணு முதுகுலயும் சொந்தக்காரன் அடையாளத்துக்கு சிவப்பு நீலம்னு பெயின்ட். கடைசியா வந்த இடையர் பையில ஒரு குட்டி, தலைய மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு எங்கள பாத்து கத்திட்டே போச்சு. அவரு எங்களுக்கு தலையசைச்சதோட சரி, நின்னு போட்டோவுக்கு போஸ் குடுக்க அவருக்கு நேரமில்ல. இந்த ஆடு ஓட்டற வழக்கம் ஓட்ஸி காலத்துலயே இருந்துதான்னு ஆராய்ச்சிக்காரங்களுக்குள்ள இன்னும் அடிச்சுக்கறாங்க. ஆனா மனுஷன் இங்க நடமாடினது அதுக்கும் ரொம்ப முன்னாடி. ஃபென்ட்லேர்ந்து கொஞ்ச தூரத்துல ஹோலர் ஷ்டைன்னு ஒரு பெரிய பாறை, அதுக்கு அடியில சுமார் 9,500 வருஷத்துக்கு முந்தி வேட்டைக்காரங்க தங்கின தடயமும் கல் கருவியும் கிடைச்சிருக்கு. பாதையோரத்துலயே இருக்கு, டிக்கெட்டு கிடையாது, கேட்டு கிடையாது.

கிராமத்து வரலாறுன்னா ஃபிரான்ஸ் சென் பேர விட முடியாது. 1860லேர்ந்து 1872 வரைக்கும் ஃபென்ட்ல பாதிரியாரா இருந்தவரு. அப்ப ஊரே பட்டினி, குளிர்காலம் பூரா வெளி உலகத்தோட தொடர்பு இருக்காது. ஜனங்களுக்கு வருமானம் வரணும்னா வெளியூர்க்காரங்க மலை ஏற வரணும்னு யோசிச்சு, தன் வீட்டயே தங்கற இடமா தொறந்து விட்டாரு, பாதை போட வெச்சாரு, ஊர்ப் பையன்கள வழிகாட்டியா பழக்கினாரு, அதுக்காக கடன்ல மூழ்கினாரு. 1869ல மியூனிக்ல ஜெர்மன் ஆல்பைன் கிளப் ஆரம்பிச்சவங்கள்ல இவரும் ஒருத்தர். இன்னிக்கு ஆல்ப்ஸ் முழுக்க நாம நடக்கற நம்பர் போட்ட பாதை, ஹட்டு எல்லாத்துக்கும் அந்த மாதிரி கிளப்புங்கதான் காரணம். கடன் வாங்கி டூரிஸம் வளத்த சாமியார்னு ஒரு தலைப்பு போட்டு அடுத்த இணைப்புல இவர பத்தி எழுதலாம் சார், நல்லா இருக்கும்.

பக்கத்துல ரோஃபன்னு ரெண்டு மூணு பண்ணை வீடு, 2,014 மீட்டர், ஆஸ்திரியாவுலயே வருஷம் பூரா ஆள் குடியிருக்கற மிக உயரமான பண்ணைங்க இதுதான். காலி பாக்கெட் ஃபிரெடெரிக்னு கேலிப் பேரு வாங்கின, டிரோல்ங்கற இந்தப் பகுதியோட கோமகன் 1415 வாக்குல ராஜா கோபத்துக்கு ஆளாகி இங்க ஒளிஞ்சிருந்தான்னு கதை சொல்றாங்க. கதைதான், அதுக்கு மேல நான் உத்தரவாதம் இல்ல. ஆனா அந்த பள்ளத்தாக்குல நெசமா நடந்த ஒண்ணு இருக்கு. மேல இருக்கற ஃபெர்னாக்ட் பனிப்பாறை பழைய காலத்துல சில சமயம் திடீர்னு நகந்து கீழ எறங்கி ஆத்த அடைச்சுரும், பின்னாடி ஏரி சேரும், ஐஸ் அணை உடைஞ்சா ஓட்ஸ்டால் முழுக்க வெள்ளக்காடு. 1600, 1678, 1845னு எத்தனையோ தடவை. அந்த ஐஸ் ஏரிய 1601ல ஒருத்தர் வரைஞ்ச படம் கூட இருக்கு. 1889லயே அந்த பனிப்பாறைய துல்லியமா அளந்து மேப்பு போட்டாங்க, பக்கத்துல இருக்கற ஹின்டரைஸ் பனிப்பாறைய 1950கள்லேர்ந்து வருஷா வருஷம் எடை போடற மாதிரி கணக்கு எடுக்கறாங்க. எவ்ளோ கரைஞ்சுதுன்னு மத்த எடத்துல உத்தேசமா சொல்லணும், இங்க நோட்டுப் புத்தகத்துல இருக்கு. ஒரு காலத்துல பனி வந்துருமோன்னு சாமி கும்பிட்ட ஊரு, இப்ப பனி போயிருமேன்னு கவலைப்படுது.

சோல்டன் பக்க ஸ்கீ ஏரியாவையும் அடுத்த பிட்ஸ்டால் பள்ளத்தாக்கு ஸ்கீ ஏரியாவையும் ஒண்ணா இணைக்க, பனிப்பாறை நடுவுல ஒரு முகட்டயே வெடி வெச்சு தட்டற திட்டம் ஒண்ணு வருஷக்கணக்கா ஓடிச்சு. 2022ல பிட்ஸ்டால்ல இருக்கற சங்க்ட் லியோன்ஹார்ட் கிராமத்துல ஓட்டெடுப்பு வெச்சாங்க, மயிரிழையில வேணாம்னு ஜெயிச்சுது, திட்டத்தக் கைவிட்டாங்க. வேணும்னு ஓட்டுப் போட்டவங்களையும் நான் திட்ட மாட்டேன், அவங்களுக்கு பொழப்பு வேணும். ஆனா நாம டூரிஸ்ட்டா போயி எங்க காசு செலவு பண்றோம்ங்கறதும் ஒரு ஓட்டுதான் சார். ரோப்கார் டிக்கெட்டுக்கு வரிசையில நின்னு, மேல அரை மணி நேரம் நின்னு, கீழ எறங்கி அடுத்த நாட்டுக்கு பஸ் ஏறினா அந்த ஊர்க்காரங்களுக்கு ஒண்ணும் பெருசா போய்ச் சேராது. ஃபென்ட் மாதிரி எடத்துல ரெண்டு மூணு ராத்திரி தங்கினா, அந்தக் காசு லாட்ஜு நடத்தற குடும்பத்துக்கு நேரா போகுது.

இன்னும் சிலத உங்க பயணப் பக்கத்துல பெட்டிச் செய்தியா போட்டா புண்ணியம். ஜூன் பாதியிலேர்ந்து செப்டம்பர் கடைசி வரைக்கும்தான் ஹட்டு தொறந்திருக்கும், ஜூலை ஆகஸ்ட்ல ஜெர்மனியோட ஓபர்ஸ்டோர்ஃப்லேர்ந்து இத்தாலியோட மெரான் வரை நடக்கறவங்க கூட்டம் இந்த வழியாத்தான் வரும், முன்கூட்டி படுக்கை புக் பண்ணலன்னா சிரமம். மஞ்சள் பலகையில சிவப்பு புள்ளி இருந்தா நடுத்தர கஷ்டம், கருப்பு புள்ளின்னா நெசமாவே கஷ்டம், நம்மாளுங்க ஸ்போர்ட்ஸ் ஷூவோட கருப்பு பாதையில ஏறி நடுவுல நின்னு முழிக்கறத நான் கண்ணால பாத்தேன். ஆகஸ்ட்லயே 3,000 மீட்டர்ல பனி விழும், மத்தியானத்துக்கு மேல இடி மின்னல் வரும், அதனால விடியக்காலையில கெளம்பணும். அவசரத்துக்கு ஆஸ்திரியாவுல மலை மீட்புப் படை நம்பர் 140, எல்லை தாண்டினா 112. ஹெலிகாப்டர் வந்து தூக்கிட்டு போனா பில்லு பல ஆயிரம் யூரோ, இன்ஷூரன்ஸ் இல்லாம போகாதீங்க, ஆல்பைன் கிளப்ல மெம்பர் ஆனா அதுலயே மீட்புச் செலவுக்கு காப்பீடு இருக்கு, ஹட்டு வாடகையும் குறையும். கணவாய் தாண்டறப்ப செக்போஸ்ட் எதுவும் இருக்காது, ஆனா பாஸ்போர்ட்ட லாட்ஜுல வெச்சுட்டு போயிராதீங்க, நீங்க போறது வேற நாடு. அந்தப் பக்கம் எறங்கினா ஃபெர்னாக்ட் ஏரின்னு ஒரு அணைக்கட்டு (மேல சொன்ன பனிப்பாறைக்கும் இதுக்கும் பேரு மட்டும்தான் ஒண்ணு), அங்கேர்ந்து பஸ்ஸு, அப்புறம் ரயிலு, போல்ஸானோ போயி ஓட்ஸிய நேர்ல பாக்கலாம், மைனஸ் 6 டிகிரியில வெச்சிருக்காங்க, சின்ன ஜன்னல் வழியாத்தான் பாக்க விடுவாங்க. திங்கக்கிழமை பெரும்பாலும் மூடியிருக்கும், பாத்துக்கோங்க.

திருத்தத்த மட்டும் அடுத்த இணைப்புலயே போட்டுருங்க சார், பள்ளிக்கூடத்துப் பசங்க உங்க இணைப்ப வெட்டி ஒட்டி வெக்கறாங்க, சுவிஸ்னே பரிச்சையில எழுதி வெச்சிருவாங்க.

இப்படிக்கு,
உங்க ஞாயிறு இணைப்ப ஒரு வாரம் விடாம படிக்கற வாசகி